விளக்கு எரிவது எவ்வாறு?
மாணவரும் பெற்றோரும் கூடிக் கற்கவேண்டிய மின்சுற்றுப் பாடம்

சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அதற்குமேல் நாம் சிந்திப்பதில்லை. பத்தாம் வகுப்பு மாணவனோ மின்னோட்டவியல் சூத்திரங்களைத் தடையின்றி ஒப்பித்துவிடுகிறான். ஆனால் "பிளக்கில் மூன்று முனைகள் ஏன்?" என்று கேட்டால் தயங்குகிறான். தேர்வுக்காக மட்டும் கற்கப்படும் பாடம் தேர்வுடன் மறைந்துபோகும். மின்சாரப் பாடமோ உயிரைக் காக்கும் பாடம். ஆகவே பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்தமர்ந்து கற்பது நலம்.

ஏரியும் வாய்க்காலும்

பருத்திப்பட்டு மக்களுக்கு ஏரி புதிதன்று. ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் மதகு வழியே நீர் விரைந்து பாயும். மட்டம் தாழ்ந்தால் பாய்ச்சலும் குறையும். வாய்க்கால் குறுகியோ தூர்ந்தோ இருந்தாலும் நீரோட்டம் குறையும். நீர்மட்டத்தின் உயரத்திற்கு ஒப்பானது மின்னழுத்தம். அதனை வோல்ட்டில் அளக்கிறோம். பாயும் நீரின் அளவுக்கு ஒப்பானது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். வாய்க்காலின் குறுக்கம் போன்றது மின்தடை. அதன் அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

இவ்விதியை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகனான அவர் கொலோன் நகரில் முன்பு இயேசு சபையார் நடத்திய பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பள்ளி ஆசிரியர் ஒருவர் எளிய கருவிகளைக் கொண்டு கண்ட உண்மை இது என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்வார்களாக.

ஆயினும் ஏரி உவமைக்கு ஓர் எல்லை உண்டு. வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே வழிந்தோடும். கம்பி அறுந்தாலோ மின்னோட்டம் சுற்று முழுவதிலும் நின்றுவிடும். புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவரும் பாதை இருந்தால்தான் மின்சாரம் பாயும். அப்பாதையே மின்சுற்று.

ஆவடி வழியே நாள்தோறும் ஓடும் மின்தொடர் வண்டியைப் பாருங்கள். வண்டிக்கு மேலே தொடும் கம்பி ஒன்றுதான் இருக்கிறது. திரும்பும் பாதை எது? சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தை அடைந்து, துணைமின் நிலையத்திற்கு மின்னோட்டம் திரும்புகிறது. மேல்கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின்மேல் ஏறிப் படமெடுக்க முயலும் இளைஞன் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. அருகில் சென்றாலே காற்றைக் கடந்து மின்சாரம் பாயும்; அவன் உடலே சுற்றை நிறைவுசெய்யும் கம்பியாகிவிடும்.

விழாக்கால விளக்குச் சரம்

கிறிஸ்து பிறப்பு விழாவில் நாம் கட்டும் சீரியல் விளக்குகள் ஒரு நல்ல பாடம். பழைய வகைச் சரத்தில் 6 வோல்ட் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பர். 230ஐ 6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38 பல்புகள். ஒன்று கெட்டால் அனைத்தும் அணையும். இது தொடர் இணைப்பு. வீட்டு விளக்குகளோ அவ்வாறில்லை. சமையலறை விளக்கு கெட்டாலும் கூடத்தில் ஒளி இருக்கும். இது பக்க இணைப்பு.

இரண்டையும் குடிலிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, டார்ச் பல்பு இரண்டு, சிறிது கம்பி போதும். பல்புகளைத் தொடராக இணைத்தால் ஒளி மங்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்கமாக இணைத்தால் இரண்டும் ஒளிரும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். சோதனை பேட்டரியோடு நிற்கட்டும். சுவரிலுள்ள பிளக்கில் எந்தச் சோதனையும் கூடாது.

ஒரே பிளக்கில் எத்தனை?

பக்க இணைப்பில் கருவிகள் கூடக்கூட, பொதுக் கம்பியில் மின்னோட்டமும் கூடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் மின்னடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் நீட்டுப் பலகை ஒன்றின் வழியாக 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் 13 ஆம்பியர் பாயும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது; ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. உறை உருகித் தீப்பற்றுவது இதனால்தான். பியூசும் எம்.சி.பி.யும் இத்தருணத்தில் சுற்றைத் துண்டிக்கவே உள்ளன. பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது காவலனின் கண்ணைக் கட்டுவதாகும்.

கம்பிக்குக் காவல், உடலுக்கு?

பியூஸ் கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்குத் தாழக்கூடும். அப்போது 230 வோல்ட் பட்டால் 0.23 ஆம்பியர் பாயும். இதயத்தை நிறுத்த இது போதும். 5 ஆம்பியர் பியூசோ அசையாது. ஆகவே இரு காவல்கள் வேண்டும். முதலாவது, எர்த் எனப்படும் நில இணைப்பு. பிளக்கின் நீண்ட மூன்றாம் முனை இதற்கே உரியது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதனை நிலத்திற்குக் கொண்டுசெல்லும். அம்முனையை உடைத்து இரு துளையில் செருகுவது அறியாமை. இரண்டாவது, ஆர்.சி.டி. என்னும் கருவி. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிடும். இல்லங்களுக்கு உரிய வகையில் வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் துண்டித்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, நீர் சூழ்ந்த பகுதிகளில் மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்தினார்கள். இருளில் தவித்தவர்களுக்கு அது துன்பமே. ஆயினும் மேற்கண்ட கணக்கை அறிந்தவர் அதன் தேவையை உணர்வர். வீட்டினுள் நீர் புகுமுன் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். நீர் வடிந்தபின் மின்பணியாளர் சோதித்த பிறகே மீண்டும் போடுதல் வேண்டும். மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் இழுக்கலாகாது. முதலில் மெயினை அணையுங்கள். இயலாதாயின் உலர்ந்த மரக்கோலால் கம்பியை விலக்குங்கள்.

பெற்றோர்களே, இன்று மாலையே உங்கள் மகனையோ மகளையோ அழைத்து, வீட்டின் மெயின் சுவிட்ச் எங்குள்ளது, ஆர்.சி.டி. உண்டா, எர்த் இணைப்பு செம்மையாக உள்ளதா என்று கேளுங்கள். ஆர்.சி.டி. இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நின்றால் காவலன் விழித்திருக்கிறான் என்று பொருள். நிற்காவிடில் மின்பணியாளரை அழைக்க நாள் கடத்தாதீர்கள்.