கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி: அதன் வேகம் குறைவதேன்?

பெங்களூரில் முன்னாளில் கண்டோன்மென்ட்டைச் சேர்ந்திருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில், பழைய வீடுகள் பல இரண்டு மூன்று குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நிலத்தடித் தொட்டியும், நீரேற்றும் மோட்டாரும், மாடித் தொட்டியும் அனைவருக்கும் பொதுவானவை. பின்கட்டில் குடியிருப்பவர் தம் குழாயில் நீர் சரியாக வரவில்லை என்று முறையிட்டால், வீட்டுக்காரர் மோட்டாரின்மீது பதித்துள்ள தகட்டைச் சுட்டிக் காட்டுவார். தகட்டில் ஒரு குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். தகடு பொய் சொல்லவில்லை. ஆயினும் குடத்தில் நீர் நிறையவில்லை. இவ்வழக்கைத் தீர்க்க வேண்டுமாயின், குழாயின் கீழ்க் குடத்தை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பதே வழி.

மேசைக் கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியை இயக்கி, அது மந்தமாக உள்ளதே என்று வருந்துவோருக்கும் இவ்வுண்மை பெரிதும் பயன்படும்.

உட்கணிப்பொறி என்பது யாது?

ஒரே கணிப்பொறியில், அதன் இயல்பான இயக்குதளம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதனுள் வேறொரு முழுக் கணிப்பொறி இருப்பதுபோல் ஒரு நிரல் தோற்றுவிக்கக்கூடும். இதனை மெய்நிகர் இயந்திரம் அல்லது விர்ச்சுவல் மெஷின் என்பர். இக்கட்டுரையில் எளிமை கருதி இதனை உட்கணிப்பொறி என்றும், இதற்கு இடமளிப்பதனை வெளிக்கணிப்பொறி என்றும் குறிப்போம். இரண்டுக்குமிடையே நின்று, செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தருவது மேற்பார்வை நிரலாகும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். நிறுவனத்தின் விஞ்ஞான நிலையத்தில், 1960-களிலேயே இது செயற்படுத்தப்பட்டது. 1972-இல் அந்நிறுவனம் வி.எம்./370 என்னும் அமைப்பை வெளியிட்டது. ஓர் இயந்திரம் இவ்வாறு உட்கணிப்பொறிகளைத் தாங்குவதற்கு வேண்டிய நிபந்தனைகளை, 1974-இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்னும் இரு அறிஞர்கள் வகுத்துரைத்தனர். மேசைக் கணிப்பொறிகளின் செயலிகள் அந்நிபந்தனைகளை நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. ஆகவே நிரலாசிரியர்கள் பல தந்திரங்களைக் கையாண்டே 1999 முதல் அவற்றில் உட்கணிப்பொறிகளை இயக்கிக் காட்டினர். இன்டெல் நிறுவனம் 2005-இலும், ஏ.எம்.டி. நிறுவனம் 2006-இலும், இதற்கென்றே சிறப்பு வசதியைத் தம் செயலிகளில் அமைக்கத் தொடங்கின.

எனக்கு இது தேவைப்பட்ட காரணம்

யூனிகோட் முறை பரவுமுன், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு குறியீட்டு வரிசையைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால், பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும், 2010-இல் யூனிகோட் முறையையும் ஏற்றது. அதற்கிடையே தட்டெழுதப்பட்ட கோப்புகளோ எண்ணற்றவை.

அவற்றுள் ஒரு தொகுதி என்னிடமும் இருந்தது. மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பல்லாண்டுகள் அட்டைகளில் எழுதிச் சேர்த்த சொற்பட்டியல் அது. மண்வகை, பயிர்நோய், காற்று, மழை ஆகியவற்றைக் குறிக்கக் கிராமங்களில் வழங்கும் சொற்களைக் களப்பணியாளர்கள் கேட்டெழுதி அனுப்ப, அவர் அவற்றை வகைப்படுத்தியிருந்தார். நான் பணியில் சேர்ந்த புதிதில் அவ்வட்டைகளைப் பழைய எழுத்துருவில் தட்டெழுதினேன். அட்டைகள் பின்னர்க் கரையானுக்கு இரையாயின. அவரும் இன்று நம்மிடையே இல்லை. அக்கோப்புகளைத் திறந்து மாற்றவல்ல நிரலோ விண்டோஸ் எக்ஸ்.பி. இயக்குதளத்தில் மட்டுமே ஓடியது. பழைய கணிப்பொறி பழுதுற்றபோது, என் வீட்டு மேசைக் கணிப்பொறியில் ஓர் உட்கணிப்பொறியை அமைத்து, அதில் எக்ஸ்.பி.யை நிறுவினேன்.

அது இயங்கியது; ஆனால் நூறு பக்கக் கோப்பு ஒன்றை மாற்ற 42 நிமிடங்கள் பிடித்தன. இடையில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருந்தவையோ நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள்.

தகட்டில் எழுதிய எண்

முதலில், உட்கணிப்பொறி தன் செயலியின் வேகமாக எதனைக் காட்டுகிறது என்று பார்த்தேன். வெளிக்கணிப்பொறி காட்டிய அதே எண், 3.2 கிகாஹெர்ட்ஸ், அங்கும் இருந்தது. செயலியிற் குறையில்லை என்று அன்று முடிவு செய்தேன். அது தவறு.

உட்கணிப்பொறி காட்டும் அவ்வெண் பெரும்பாலும் அளந்தறிந்ததன்று. செயலி தன் பெயரையும் வகையையும் கேட்போருக்குச் சொல்லும். பெயரோடு சேர்ந்த அடிப்படை வேகத்தையும் சொல்லும். மேற்பார்வை நிரல் அப்பெயரை அப்படியே உள்ளே அனுப்பிவிடுகிறது. உட்கணிப்பொறிக்குச் செயலியின் நேரத்தில் பாதியே கிடைத்தாலும், பத்தில் ஒரு பங்கே கிடைத்தாலும், அவ்வெண் மாறுவதில்லை. அது மோட்டார்த் தகட்டை ஒத்தது.

ஆதலின் அளவுகோலாக ஒரே வேலையைத் தேர்ந்துகொள்வது நலம். அதே கோப்பை ஒவ்வொரு முறையும் மாற்றி, ஆகும் நேரத்தைக் குறித்தேன். இங்கு ஓர் எச்சரிக்கை: நேரத்தை உட்கணிப்பொறியின் கடிகாரத்தால் அளத்தல் ஆகாது. செயலி தனக்குக் கிடைக்காத கணங்களில், அக்கடிகாரம் பின்தங்கிப் பின்னர் விரைந்து ஈடுசெய்வதுண்டு. கைக்கடிகாரமே நம்பத்தக்கது.

முதற் பரிகாரம் பயனற்றுப்போனது

என் செயலியில் நான்கு கோர்கள் இருந்தன. உட்கணிப்பொறிக்கு ஒன்றே அளித்திருந்தேன். நான்கையும் அளித்தால் வேகம் நான்கு மடங்காகும் என்று எண்ணி அவ்வாறே செய்தேன். நேரம் 42 நிமிடங்களாகவே நின்றது.

காரணம் எளியது. பழைய நிரல் தன் வேலையைப் பகுத்துச் செய்ய அறியாது. ஒரு கோரை மட்டுமே அது பயன்படுத்தும். ஓர் ஏர் செல்லும் சாலில் நான்கு இணை மாடுகளை நிறுத்தினாலும், உழவு விரைவதில்லை. அன்றியும், எல்லாக் கோர்களையும் உள்ளே அளித்துவிடுவது பொதுவாகவே தகாது. வெளிக்கணிப்பொறிக்கும் மேற்பார்வை நிரலுக்கும் செயலி வேண்டும். அவை காத்திருந்தால் உள்ளிருப்பதும் காத்திருக்கும். ஒன்றிரண்டு கோர்களையேனும் வெளியே விட்டுவைத்தல் வேண்டும்.

அணைக்கப்பட்டிருந்த வசதி

அடுத்து, வெளிக்கணிப்பொறியின் டாஸ்க் மேனேஜரில் செயலியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். அங்கே விர்ச்சுவலைசேஷன் என்னும் சொல்லுக்கு நேரே, அவ்வசதி அணைக்கப்பட்டுள்ளதாகக் காட்டியது. மேலே கூறிய சிறப்பு வசதி என் செயலியில் இருந்தும், பயாஸ் அமைப்பில் அது திறக்கப்படவில்லை.

இதன் விளைவை மொழிபெயர்ப்பாளன் எளிதில் உணர்வான். மேடையில் பேச்சாளர் வாக்கியந்தோறும் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால், ஒரு மணிப் பேச்சு இரண்டு மணியாகும். இருவரும் ஒரே மொழி அறிந்தோராயின் இடையாள் வேண்டியதில்லை. சிறப்பு வசதி திறந்திருந்தால், உட்கணிப்பொறியின் கட்டளைகளுட் பெரும்பாலானவற்றைச் செயலி நேரே நிறைவேற்றும். அது மூடியிருந்தால், சில மேற்பார்வை நிரல்கள் இயங்கவே மறுக்கும். சில, கட்டளைகளைத் தாமே மொழிபெயர்த்து இயக்கும். என்னுடையது இரண்டாம் வகை.

கணிப்பொறியை மீண்டும் தொடங்கி, பயாஸ் அமைப்பில் அவ்வசதியைத் திறந்தேன். கோப்பு 9 நிமிடங்களில் மாறியது.

வசதி திறந்திருந்தும் வேகமில்லையெனில், அதனை வேறொரு மேற்பார்வை நிரல் முன்னரே கைக்கொண்டுள்ளதா என்று காண வேண்டும். விண்டோஸில் ஹைப்பர்-வி என்னும் அமைப்போ, அதனைச் சார்ந்த பாதுகாப்பு வசதியோ இயங்குமாயின், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற நிரல்கள் அதன் வழியாகவே செயலியை அடைய நேரிடும்; வேகமும் குறையக்கூடும். விர்ச்சுவல்பாக்ஸ் அந்நிலையை ஓர் ஆமையின் சிறு படத்தால் அறிவிக்கிறது. எனினும் பாதுகாப்பு வசதியை ஆராயாமல் அணைத்துவிடலாகாது.

நண்பகலில் வந்த தளர்ச்சி

ஏப்ரல் மாதத்தில் வேறொரு விந்தை காணப்பட்டது. காலையில் 9 நிமிடங்களில் முடிந்த வேலைக்கு நண்பகலில் 13 நிமிடங்களாயின. அமைப்பில் யாதொரு மாற்றமும் இல்லை. வெளிக்கணிப்பொறியின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தபோது விடை கிடைத்தது. வேலை தொடங்கிய சில நிமிடங்களில், செயலியின் உண்மையான வேகம் படிப்படியாக இறங்கிற்று. உட்கணிப்பொறியோ அப்போதும் 3.2 என்றே காட்டிக்கொண்டிருந்தது!

செயலி அளவுக்கு மேல் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து பார்த்ததில், விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்குமிடையே புழுதி பஞ்சுபோல் படிந்திருந்தது. மின்னிணைப்பை நீக்கி, மென்மையான தூரிகையால் அதனை அகற்றினேன். நண்பகலிலும் நேரம் 9 நிமிடங்களாயிற்று. மின்சாரச் சிக்கன அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலும் வேகம் இவ்வாறு தணியக்கூடும்.

ஆராயும் முறை

உட்கணிப்பொறி மந்தமாக இருக்கும்போது, குறை செயலியிலேயே உள்ளதா என்று முதலிற் காண்க. வேலை நடக்கையில் உட்கணிப்பொறியின் செயலி ஓய்ந்திருக்குமாயின், தடை நினைவகத்திலோ வட்டிலோ இருக்கும். செயலியைத் திருத்திப் பயனில்லை. செயலி முழுமூச்சுடன் உழைத்தும் வேலை நகரவில்லையெனில், சிறப்பு வசதி, வேறு மேற்பார்வை நிரலின் குறுக்கீடு, கோர்களின் பங்கீடு, மின்சாரச் சிக்கன அமைப்பு, வெப்பம் ஆகியவற்றை இவ்வரிசையில் ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வேலைக்கு ஆகும் நேரத்தை நோட்டுப்புத்தகத்திற் குறிக்க. இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பயனளித்தது என்பது தெரியாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையும் இதுவேயன்றோ?

எக்ஸ்.பி. போன்ற பழைய இயக்குதளத்தைப் பயன்படுத்துவோர், அதனை இணையத்தோடு இணைக்கலாகாது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. மூலக் கோப்புகளின் படி ஒன்றை வேறிடத்தில் வைத்த பின்னரே வேலையைத் தொடங்குவதும் நன்று.

மூத்தவரின் சொற்பட்டியல் முழுதும் இன்று யூனிகோட் முறைக்கு மாறிவிட்டது. களப்பணியாளர்கள் வயல் வரப்பில் நின்று கேட்டெழுதிய சொற்கள், எந்தக் கணிப்பொறியிலும் திறந்து படிக்கும் நிலையை எய்தின. தங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் கோப்புகளை உடைய அன்பர்கள், அவற்றைத் திறக்கும் நிரல் இன்னும் கிடைக்கும்போதே அப்பணியைத் தொடங்குவார்களாக.