பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி நடந்தால்...

உங்கள் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்தினுள் நீங்கள் எப்போதாவது நடந்து பார்த்திருக்கிறீர்களா?

கிராமங்களில் பெண்கள் குழுக்களைச் சந்திக்கும்போது நான் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. “அது படிச்ச ஆக்கள் போற இடம் பிள்ளை. நாங்கள் கேற்றடியோட திரும்பியிடுவம்” என்பதுதான் அநேகமானோரின் பதில். பிள்ளையைப் படிப்பிக்கத் தோட்டை அடகு வைத்தவர்களும், கச்சான் விற்றவர்களும், வெயிலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கியவர்களுமே இப்படிச் சொல்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டத் தமக்கு உரிமையில்லை என்று அவர்கள் தாமாகவே முடிவு செய்துவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இது நெடுநாளாக மனதை உறுத்திய விடயம்.

அண்மையில் ஓர் அம்மாவுடனும் அவருடைய மகளுடனும் அந்த வளாகத்தை நடந்து பார்த்தேன். அந்த நடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது ஐம்பது வயதை அண்டிவிட்டது. புதுக்குடியிருப்புப் பக்கம் வசிக்கிறார். ஆனால் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தில். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை எதிர்பார்த்திருந்த நேரத்தில் 1995 ஒக்டோபர் 30 வந்தது. அன்றிரவு வலிகாமமே எழுந்து நடந்தது. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் கடந்து தென்மராட்சிக்கும், பின்னர் வன்னிக்கும் போனவர்களில் அவரும் ஒருவர். தனக்குக் கடிதம் வந்ததா இல்லையா என்பதே இன்றுவரை அவருக்குத் தெரியாது. வன்னியில் திருமணம் நடந்தது. 2009 இல் கணவரை இழந்தார். அப்போது மகளுக்கு நான்கு வயது.

அந்த மகளுக்குத்தான் இப்போது யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. பதிவுக்கு ஒரு கிழமையே இருந்தது. “பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விடுறதோ? கலை படிச்சு வேலை எங்க கிடைக்குது? ஒரு நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடுங்கோ” என்று பெரியப்பா முறையானவர் சொல்லிவிட்டார். மகளுக்கோ அம்மாவைத் தனியே விட்டுப் போக மனமில்லை. அம்மா என்னிடம், “பிள்ளை, நான் ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாக்கவேணும். பாத்திட்டுத்தான் சொல்லுவன்” என்றார்.

கொப்பித் தாள் ஒன்றில் ஐந்து இடங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். “நான் வழிகாட்ட மாட்டன் அம்மா. நீங்களும் மகளும் முன்னால நடவுங்கோ. நான் பின்னால வாறன்” என்றேன். நாங்கள் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்ற இடத்துக்குப் பெண்கள் மறுமுறை தனியே போவதில்லை என்பதைத் தொழிலில் நான் கண்டிருக்கிறேன்.

வாசல்

யாழ்ப்பாண நகரில் பஸ் எடுத்து, பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி, இராமநாதன் வீதி வழியே நடந்தோம். இந்த இரண்டு பெயர்களிலும் இடத்தின் வரலாறு இருக்கிறது. 1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இங்கு பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1913 இல், மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியை அவர் நிறுவியிருந்தார். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த காணியில்தான் 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979 ஜனவரி 1 முதல் அது தனிப் பல்கலைக்கழகமானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். ஆனாலும் எங்கள் சனத்துக்கு அது அன்றும் இன்றும் ‘கம்பஸ்’தான்.

அம்மா வீதியின் மறுபக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நான் பேசாமல் நின்றேன். பிறகு தானே போய்க் காவலாளியிடம், “என்ரை பிள்ளைக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு. பாக்க வந்தனாங்கள்” என்றார். காவலாளி அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிந்துவிட்டு, “போங்கோ அம்மா” என்றார். அவ்வளவுதான். முப்பது வருடம் கடக்காத வாசலைக் கடக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

கோயில்

வளாகத்தில் பரமேஸ்வரன் ஆலயம் இருக்கிறது. அதுவும் இராமநாதன் காலத்தது. “சின்னனில ஐயாவோட இந்தக் கோயிலுக்கு மட்டும் வந்திருக்கிறன்” என்றார் அம்மா. கும்பிட்டுவிட்டு நிழலில் இருந்தோம்.

இந்த மண் அமைதியையே கண்டதல்ல என்பதை மகளுக்குச் சொன்னேன். 1987 ஒக்டோபர் 12 ஆம் திகதி அதிகாலை இந்தியப் படையினர் ஹெலிகொப்டர்களில் வந்து இறங்கியது இந்தப் பல்கலைக்கழக மைதானத்தில்தான். 1995 இடப்பெயர்வில் பல்கலைக்கழகமும் ஊரோடு சேர்ந்து வெறிச்சோடியது. அடுத்த ஆண்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் யாரோ வந்து கூட்டித் துடைத்து, மேசை வாங்குகளை அடுக்கித்தான் வகுப்புகள் தொடங்கின.

கலைப்பீடம்

கைலாசபதி கலையரங்கைப் பார்த்துக்கொண்டு கலைப்பீடப் பக்கம் போனோம். மரங்களுக்குக் கீழே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். “எல்லாம் பெட்டையளாக் கிடக்கு!” என்று அம்மா அதிசயப்பட்டார். உண்மைதான். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் பெண்களே அதிகம்.

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டாம் வருட மாணவி ஒருவரை மகள் தானாகவே பேச்சுக்கு இழுத்தாள். விடுதி, சாப்பாடு, உதவிப்பணம் எல்லாம் கதைத்தார்கள். பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொல அல்லது மாணவர் உதவுபணம் பெறலாம். “காசு கைக்கு வரச் சில மாதம் போகும் அம்மா. அதுவரைக்கும் கொஞ்சம் சேர்த்து வையுங்கோ” என்றாள் அந்த மாணவி. இப்படியான புத்திமதியைக் கையேடுகளில் காண முடியாது.

அம்மா பகிடிவதை பற்றியும் கேட்டார். இலங்கையின் பல்கலைக்கழகங்களில் அது இல்லையென்று நான் பொய் சொல்லவில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். மாணவர் ஆலோசகர்களிடம் முறையிடலாம். எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படாதபடி தாய் பார்த்துக்கொள்ள வேண்டும். “என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லவேணும்” என்று அம்மா அந்த இடத்திலேயே மகளிடம் வாக்கு வாங்கினார்.

வேலை பற்றியும் உள்ளதைச் சொன்னேன். கலைப் பட்டம் எடுத்தவுடன் அரசாங்க வேலை வந்து கதவைத் தட்டாது. ஆங்கிலம், சிங்களம், கணினி மூன்றையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்த பிள்ளைக்குப் பட்டம் கைகொடுக்கும்.

வெறுமையாக இருந்த விரிவுரை மண்டபம் ஒன்றின் கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். நான் வெளியிலேயே நின்றேன்.

நூலகம்

நூலக வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். “அம்மா, இது கோயில் இல்லை” என்று மகள் மெதுவாகச் சொன்னாள். “எனக்கு ரண்டும் ஒண்டுதான்” என்றார். தன் புத்தகங்களை 1995 இல் உரப்பையில் கட்டி, கைதடியில் ஒரு வீட்டில் வைத்துவிட்டுப் போனதாகவும், பிறகு அதைத் தேடிப் போகவே முடியவில்லை என்றும் சொன்னார். மகளுக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது.

நினைவிடம்

தாளில் ஐந்தாவதாக எழுதியிருந்தது முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு அது இடிக்கப்பட்டதும், மாணவர்கள் வாசலில் இருந்து போராடியதும், அதே ஆண்டிலேயே திரும்பக் கட்டப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதாலை பிள்ளையளுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?” என்று கேட்டார். வராது என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. இங்கு கூட்டங்களும் நினைவேந்தல்களும் நடக்கும், விசாரித்த காலங்களும் உண்டு, எதில் சேர்வது எதில் சேராமல் விடுவது என்பதைப் பிள்ளை தானே யோசித்து முடிவெடுக்கப் பழக வேண்டும் என்றேன். அம்மா தலையாட்டினார். “பயந்து பயந்து எத்தினை வருசம் இருந்தாச்சு” என்று மட்டும் சொன்னார்.

தாளில் எழுதாத ஓர் இடமும் இருந்தது. திரும்பும்போது ஆடியபாதம் வீதியில் மருத்துவபீடத்தின் முன்னால் நின்றோம். உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த வைத்திய கலாநிதி ரஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் ‘பூரணி’ இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். “என்னை மாதிரி ஆக்களுக்காகவும் இங்க இருந்து ஒராள் யோசிச்சிருக்கிறா” என்றார் அம்மா.

நான்கு நாட்களின் பின் தொலைபேசி எடுத்தார். மகளின் பதிவு முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “நான் போய்ப் பாத்திட்டன் அத்தான், நீங்கள் பாக்கேல்லை எண்டு சொன்னன்” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “மற்றது பிள்ளை, கொக்குவிலில திறந்த பல்கலைக்கழகம் இருக்கெண்டியள். அதுக்கு வயசுக் கட்டுப்பாடு இருக்கோ?” என்று கேட்டார். மேல் வயதெல்லை இல்லை என்றேன்.

சகோதரிகளே, நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள். வார நாளொன்றில் காலையில் போங்கள். உங்கள் அடையாள அட்டையையும் பிள்ளையின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். வாசலில் வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். விரிவுரை நடக்கும் இடங்களைத் தவிர்த்து ஆறுதலாக நடவுங்கள். அங்கு படிக்கும் பிள்ளைகளுடன் கதையுங்கள். யாழ்ப்பாணம் தூரமென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்கில் வந்தாறுமூலையும் ஒலுவிலும் உண்டு.

வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களுமே கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்டு, பல கற்கைநெறிகளுக்கு மேலதிக இட ஒதுக்கீட்டைப் பெறுகின்றன. அந்த இடங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு உரியவை. தெரிவு வந்தபின் குறித்த திகதிக்குள் பதியாவிட்டால் கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடும். ஆகவே “அனுப்புவதா விடுவதா” என்ற கேள்வி உங்கள் வீட்டில் எழுந்தால், ஊரார் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் பஸ் ஏறிப் போய், அந்த வாசலுக்குள் உங்கள் சொந்தக் காலால் நடந்து பாருங்கள். அதன்பின் முடிவெடுங்கள்.