இரும்புச் சட்டத்துக்குள் நின்ற மரம்

ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டின் பின்தோட்டத்து மரத்தை வெட்டலாமா என்ற சச்சரவு 2007-இல் நீதிமன்றம் வரை போனது. நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்க், பரண் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் மூன்று இடங்களில் எழுதிய ஹார்ஸ் செஸ்ட்நட் மரம் அது. வயது நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது.

அதன் அடிமரத்தைப் பூஞ்சை அரித்திருந்தது. ஆனாலும் துளிர்த்தது, பூத்தது. வேர் உறிஞ்சும் நீர் பட்டையை ஒட்டிய வெளிமரத்தின் வழியாகத்தான் மேலே ஏறுகிறது; நடுமரம் உளுத்துப்போனது தழைக்குத் தெரிவதே இல்லை. அதனால் மரத்தைச் சோதிப்பவர்கள் இலையை நம்புவதில்லை. அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார்கள். சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசித் துரப்பணத்தைச் செலுத்தி, எந்த ஆழத்தில் மரம் இளகிக் கொடுக்கிறது என்று அளப்பார்கள். பொந்து விழுந்ததாலேயே மரம் சாய்ந்துவிடாது. மூங்கிலும் உள்ளே வெறுமைதானே! சுற்றியுள்ள திடமான மரம், ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் நிற்கும் என்பது தொழிலில் புழங்கும் ஒரு கணக்கு. பிறகுதான் முக்கியக் கேள்வி: விழுந்தால் யார்மேல் விழும்? காட்டில் விழுந்தால் மண்ணுக்கு எரு. இங்கோ சுற்றிலும் வீடுகள், பக்கத்திலேயே அருங்காட்சியகம்.

நகர நிர்வாகம் வெட்ட அனுமதித்தது. காப்பாற்ற முடியும் என்று வேறு வல்லுநர்கள் வாதாடினார்கள். நவம்பர் 21 என்று நாள் குறித்தாகிவிட்டது. முதல் நாள்தான் நீதிபதி தடுத்தார். 2008-இல் மரத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் எழுந்தது. இதற்கிடையே அதன் கொட்டைகளிலிருந்து வளர்த்த கன்றுகள் பல ஊர்களுக்குப் போகத் தொடங்கின.

2010 ஆகஸ்ட் 23 அன்று பலத்த காற்று. தரைக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டரில் மரம் முறிந்தது. இரும்புச் சட்டமும் கூடவே சரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதிர்ஷ்டம்தான். அதைக் காட்டி, காத்திருந்தது சரி என்று வாதாடுவதை நான் ஏற்கமாட்டேன்.

தள்ளிப்போடுவதில் வெட்டுபவருக்கும் ஆபத்து உண்டு. நல்ல மரமென்றால் ஆள் ஏறி, அதிலேயே கயிறு கட்டி, கிளை கிளையாகக் கழித்து இறக்கலாம். உளுத்த மரத்தில் உயிரை நம்பித் தொங்க முடியாது. தூக்குக் கூடையோ கிரேனோ வேண்டும். நெருக்கமான பின்தோட்டத்துக்குள் அவை நுழைய வழி இருக்கிறதா என்பதையும், மரத்தைச் சோதிக்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.