உங்களுக்குத் தெரியுமா? எல்லைக்கு அப்பால் ஒலிக்காத புகழ்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள கிங்ஸ்டன் நகரில் 1984ஆம் ஆண்டு உருவான ‘தி டிராஜிக்கலி ஹிப்’ என்னும் ராக் இசைக்குழு, தாய்நாட்டில் பேரரங்குகளை நிரப்பிய காலத்திலும் அமெரிக்காவில் பெரும்பாலும் சிறு கூடங்களிலேயே பாடிவந்தது. இதற்கு அதன் பாடுபொருளும் ஒரு காரணம் எனலாம். 1992இல் வெளிவந்த ‘ஃபிஃப்டி மிஷன் கேப்’ என்ற பாடல், 1951இல் ஸ்டான்லி கோப்பையை, அதாவது வட அமெரிக்கப் பனி ஹாக்கியின் தலையாய பரிசை, டொராண்டோ அணிக்கு வென்று தந்த கோலை அடித்துவிட்டு, அதே கோடையில் மீன்பிடிக்கப் போய்த் திரும்புகையில் சிறு விமானத்தோடு காணாமற்போன பில் பரில்கோவைப் பற்றியது. 1962இல்தான் அவரது உடல் கிடைத்தது, அந்த அணி மீண்டும் கோப்பையை வென்றதும் அதே ஆண்டில்தான். கனடியருக்குப் பழகிய இக்கதை, பிறருக்கு உரையின்றி விளங்காது.

வானொலிச் சட்டமும் உள்ளூர்ப் புகழுக்குத் துணைநின்றது: ஒலிபரப்பும் பாடல்களில் 30 விழுக்காடாவது கனடிய ஆக்கங்களாக இருக்க வேண்டுமென 1971 முதலே ஏ.எம். நிலையங்களுக்கு விதி இருந்தது.

பாடகர் கார்ட் டவுனிக்குத் தீராத மூளைப் புற்றுநோய் இருப்பது 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டபின், ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டனில் நடந்த நிறைவுக் கச்சேரியைப் பொதுத்துறை நிறுவனமான சிபிசி விளம்பரமின்றி நேரலையாக வழங்க, சுமார் 1.17 கோடிப் பேர், ஏறத்தாழ மூன்றில் ஒரு கனடியர், அதைக் கண்டும் கேட்டும் இருந்தனர். அரங்கிலிருந்த பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவை மேடையிலிருந்தே குறிப்பிட்டு, வடபகுதித் தொல்குடிகளின் நிலையைச் சீர்செய்ய வேண்டுமென டவுனி வலியுறுத்தினார்.