வாசலைக் காப்பவர் நீங்களே!

உயர்தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்ற பாடத்தைப் படிக்கும் பெண் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், பின்னூட்டல், இரைச்சல், வாயிற்காப்போன் என்று அவர்கள் மனனம் செய்வதைக் கேட்கும் உம்மாமார், 'இதெல்லாம் பரீட்சைக்குரிய சொற்கள்' என்று எண்ணி அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். அன்பின் சகோதரிகளே! இவை அடுப்படிக்கும் உரிய சொற்களே.

கினிகத்தேனையில் அடைமழை பெய்கிறது. ஹட்டன் வீதியில் மண் சரிந்துவிட்டதாக உங்கள் தம்பி தொலைபேசியில் சொல்கிறார். தம்பி அனுப்புநர். மண்சரிவு செய்தி. தொலைபேசி ஊடகம். நீங்கள் பெறுநர். 'எந்த இடத்தில்?' என்று நீங்கள் திருப்பிக் கேட்பது பின்னூட்டல். மழைச் சத்தத்தில் ஊரின் பெயர் மாறிக் கேட்டால் அது இரைச்சல். பின்னூட்டலைத் தவிர்த்துப் பார்த்தால், 1948இல் அமெரிக்கப் பொறியியலாளர் கிளோட் ஷனன் தொலைபேசிக் கம்பிகளை வைத்து விளக்கிய விடயம்தான் இது. பின் வந்தவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: மொழி விளங்காமையும், பயமும், மனதில் முன்பே குடியிருக்கும் வெறுப்பும்கூட இரைச்சலே.

அந்த இரைச்சல் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2018 பெப்ரவரி 26இல் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், கறியில் கிடந்த கட்டியைக் காட்டி 'மலட்டு மாத்திரை போட்டாயா?' என்று சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரிவர விளங்காத ஊழியர் பயத்தில் ஆம் என்பதுபோல் பதில் சொல்ல, அந்தக் காட்சி கைத்தொலைபேசிகளில் பறந்தது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த வாரம் திகன பற்றி எரிந்தது. அங்கு தொடக்கம் வேறு சம்பவமானாலும், நெருப்புக்கு எண்ணெய் வார்த்தவற்றில் முகநூல் வதந்திகளும் இருந்தன. மார்ச் 7இல் அரசு சமூக ஊடகங்களைத் தடுத்தது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

சரி, நாம் மட்டும் சுத்தமானவர்களா? 'பிறருக்கும் அனுப்புங்கள்' என்று வருவதையெல்லாம் ஓதிப் பார்க்காமலே அனுப்புகிறோமே!

இங்குதான் வாயிற்காப்போன் என்ற சொல் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் அமெரிக்கக் குடும்பங்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தார். சந்தையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எது வந்தாலும், உணவு மேசைக்கு எது போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் இல்லத்தரசியே என்று கண்டார். 1950இல்தான் டேவிட் மானிங் வைட் அந்தக் கருத்தைப் பத்திரிகை ஆசிரியருக்குப் பொருத்தினார். ஆக, முதல் வாயிற்காப்போன் பத்திரிகை ஆசிரியரல்லர்; வீட்டுப் பெண்! வட்ஸ்அப்பில் ஆசிரியர் இல்லை. அங்கு வாசல் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

இது நமக்குப் புதிய பாடமல்ல. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு பரவியபோது, நபி (ஸல்) அவர்கள் ஸைனப் (ரழி) அவர்களிடம் விசாரித்தார்கள். சக மனைவி என்ற போட்டி இருந்தும், தம் செவியையும் பார்வையையும் காத்துக்கொள்வதாகக் கூறி, ஆயிஷாவைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதையும் அறியேன் என்றே சொன்னார்கள். அவர்களின் சொந்தச் சகோதரியோ அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் ஒருவரானார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் வாசலை அடைத்தார், மற்றவர் திறந்துவிட்டார்!

ஹதீஸ் கலையில் யார் யாரிடம் கேட்டார் என்ற ஸனதைப் பார்க்காமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே மூன்று கேள்விகள் போதும்: முதலில் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? நான் அனுப்பினால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு?

மண்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளைப் பாருங்கள். 117க்கு அழைத்துக் கேளுங்கள். சிவப்பு என்றால் தாமதியாமல் வெளியேறுங்கள். பொய்யை அனுப்பிப் பழகிய வீட்டிலிருந்து உண்மையான எச்சரிக்கை போனாலும் அயலவர் நம்பமாட்டார்.

அரிசியில் கல் பொறுக்காமல் நீங்கள் உலை வைப்பதில்லை. செய்தியிலும் கல் பொறுக்குங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரலையும் காப்பானாக!