டின் மீனிலும் பூனையின் சலப்பையிலும்

டின் மீன் சாப்பிடும்போது சில வேளை கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று பல்லில் கடிபடும். பயந்துபோய் டின்னோடு வீசிவிடுவோம். பல வேளைகளில் அது கண்ணாடியே அல்ல. ஸ்ட்ரூவைட் என்ற படிகம். மீன் சதையிலுள்ள மக்னீசியம், அமோனியா, பொஸ்பேட் மூன்றும் கூடி, டின்னுக்குள்ளேயே விளைந்தது. வினாகிரியில் போட்டு மெல்லச் சூடாக்கினால் கரையத் தொடங்கும். கண்ணாடி கரையாது.

பூனைகளின் சலப்பையில் அடிக்கடி காணப்படுவதும் இதே படிகம்தான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் வீட்டுக்குள் நாய் வளர்ப்பது குறைவு. பூனையோ பாயிலேயே படுத்துக்கிடக்கும். அதன் மூதாதை பாலைநிலத்துக் காட்டுப்பூனை. தண்ணீரை எலியின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டது. எலியில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். அதனால் நம் பூனைக்கும் தாகம் எளிதில் எடுப்பதில்லை. கடையில் வாங்கும் உலர் தீனியில் நீர் 10 சதவீதம் அளவே. கருவாடும் காய்ந்ததுதான். சலம் கெட்டியாகிறது, கரைந்திருந்த தாதுக்கள் படிகமாகின்றன. கடுவனின் சலக்குழாய் நுனியில் மிக ஒடுங்கியது. படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயமே நின்றுவிடும். முக்கி முக்கியும் சலம் போகாத கடுவனை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

டின் மீன் படிகத்தை வினாகிரி கரைத்ததுபோல, சலம் சற்று அமிலமானால் ஸ்ட்ரூவைட்டும் கரையும். இறைச்சி உணவு அமிலத்தைக் கூட்டும். சோறு மிகுந்தால் குறையும். அதற்காகப் பூனைக்கு வினாகிரியோ தேசிக்காய்ப்புளியோ கொடுத்துவிடக் கூடாது. கல்சியம் ஒக்சலேட் என்ற இன்னொரு படிகம் உண்டு. அது அமிலச் சலத்தில் கரையாது, அமிலம் மிஞ்சினால் வளரவும் கூடும். எந்தப் படிகம் என்று சலத்தைச் சோதித்த பிறகே உணவை மாற்ற வேண்டும். நாய்களில் கதை வேறு: ஸ்ட்ரூவைட்டுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றே காரணம் என்பதால் மருந்தும் வேண்டும்.

அதே பூனைக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்தால்தான் உண்மையான சிக்கல். தலையையும் கழுத்தையும் புண்ணாகும்வரை சொறியும். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாத உணவுகளில் மாட்டிறைச்சி, கோழியோடு மீனும் ஒன்று. கடற்கரை ஊரில் மீனை நிறுத்துவது பெரிய காரியம்! ஆனாலும் அது இதுவரை தின்னாத ஓர் இறைச்சியை மட்டும், ஆட்டிறைச்சி என்று வைத்துக்கொள்வோம், எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு சூடைமீன் தலை கிடைத்தாலும் சோதனை கெட்டது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் கறியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. உப்பும் போடாமல் தனியாக அவித்து, அவித்த தண்ணீரை நிறைய ஊற்றிக் குழைத்துக் கொடுக்க வேண்டும். சோதனை முடிந்தும் வெறும் இறைச்சியிலேயே வளர்க்க முடியாது, அதில் கல்சியம் போதாது. நிரந்தர உணவை வைத்தியரோடுதான் முடிவுசெய்ய வேண்டும்.