பேரேட்டைக் காட்டச் சொல்லுங்கள்

கிரிப்டோ காசு வாங்கச் சொல்லி யாராவது வந்தால், நாம் முதலில் கேட்பது ‘யார் நடத்துறாங்க?’ என்பதுதான். ஒன்காயின் என்ற கிரிப்டோ நிறுவனத்திடம் அதற்குப் பிரமாதமான பதில் இருந்தது. ரூஜா இக்னதோவா: பல்கேரியாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர், சட்டத்தில் முனைவர். 2016 ஜூனில் லண்டன் வெம்பிளி அரங்கில் சிவப்பு கவுனில் மேடையேறி, இன்னும் இரண்டே வருஷம், பிட்காயினைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றார்.

எல்லாம் இருந்தது, பிளாக்செயினைத் தவிர. பிளாக்செயின் என்றால், யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற பேரேடு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்க வேண்டும்; தனி ஒருவரால் அதைத் திருத்த முடியக்கூடாது. கிரிப்டோவின் உயிரே அதுதான். ஒன்காயினிடம் இருந்ததோ நிறுவனமே எழுதி நிறுவனமே திருத்திக்கொள்ளும் கணக்கு. 2016-ல் நார்வே நிபுணர் பியோர்ன் பியர்கேவை நல்ல சம்பளத்துக்கு அழைத்தார்கள். என்ன வேலை? பிளாக்செயின் கட்டித் தர வேண்டுமாம். லட்சக்கணக்கானோரிடம் காசை விற்றுத் தீர்த்த பிறகு! அவர் மறுத்ததோடு நிற்காமல் விஷயத்தை வெளியிலும் சொன்னார்.

விலையைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரை யூரோவில் தொடங்கி ஏறத்தாழ 30 யூரோ வரை ஏறுமுகம்தான். வாங்குபவரும் விற்பவரும் முட்டிமோதும் சந்தையில் இது நடக்காது. விலையை எழுதியதும் நிறுவனம்தான். காசை விற்க இருந்த ஒரே இடமும் அவர்களுடையது. 2017 ஜனவரியில் அதையும் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு நவி மும்பையில் முகவர்கள் கைதானார்கள். அக்டோபரில் சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறிய ரூஜாவை எஃப்.பி.ஐ. இன்றும் தேடுகிறது. கூட்டாளி கிரீன்வுட்டுக்கு 2023-ல் 20 ஆண்டு சிறை. மக்கள் போட்ட பணம் 400 கோடி டாலருக்கு மேல் என்கிறது அமெரிக்க அரசுத் தரப்பு.

பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ யாரென்றே தெரியாது. ஆனால் 2009 முதல் நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் யாரும் சரிபார்க்கலாம். மொத்தம் 2.1 கோடி காசு என்ற உச்சவரம்பு நிரலிலேயே இருக்கிறது. (விலை நிலைக்குமா என்பது வேறு சங்கதி.) ஒன்காயினோ தன் உச்சவரம்பை 210 கோடியிலிருந்து 12,000 கோடிக்கு ஒரே அறிவிப்பில் உயர்த்தியது.

திறந்த பேரேடு மட்டும் போதுமா என்றால், போதாது. டெர்ரா என்ற இன்னொரு கிரிப்டோவின் பேரேடு திறந்துதான் கிடந்தது. அதன் ஆங்கர் திட்டம் வருஷத்துக்குச் சுமார் 20 சதவீத வட்டி கொடுத்தது. கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குக் காணாமல், பற்றாக்குறையைக் கையிருப்பிலிருந்து நிரப்பினார்கள். 2022 மே மாதம் எல்லாம் சரிவதற்கு முன்பே, அந்தக் கையிருப்பு கரைவதை அதே பேரேட்டில் யாரும் பார்த்திருக்கலாம்.